பூட்டிய அறைக்குள் நின்றுபோன பெட்டி

நான் எழுதிய நிரலைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு அடக்கமாகப் பதில் சொல்ல வராது. சேந்தமங்கலம் சாலையில் இருக்கும் ஒரு கோழிப்பண்ணையில், ஒரு ஷெட்டு முழுக்க இருக்கும் கோழிகளுக்கு எப்போது மின்விசிறி ஓட வேண்டும், எப்போது தண்ணீர்ச் சாரல் தெளிக்க வேண்டும் என்று முடிவெடுப்பது என் நிரல். பெங்களூரில் நாலு வருடம் யாருடைய இணையக் கடைக்கோ பொத்தான்களின் நிறத்தை மாற்றிக்கொண்டிருந்தவள் நான். அந்த வேலையை உதறிவிட்டு நாமக்கல்லுக்குத் திரும்பி வந்து, டிபன் பாக்ஸ் அளவுள்ள ஒரு பெட்டியில் சொந்தமாக ஒன்றை ஓடவிட்டேன். அது ஓடுகிறது. பெருமைப்படாமல் என்ன செய்வது?

பெட்டிக்குள் இருப்பது கைப்பேசியை விடச் சின்னதான ஒரு கணினி. ஷெட்டின் நீளம் முழுக்கத் தொங்கும் சென்சார்கள் சில நொடிக்கு ஒருமுறை வெப்பத்தைச் சொல்லும். வெப்பம் ஏறினால் பெட்டி விசிறியைப் போடும். இன்னும் ஏறினால் கூண்டுகளுக்கு மேலே ஓடும் குழாயிலிருந்து பனிபோலத் தண்ணீர் தெளிக்கும் ஃபாகரைப் போடும். பெட்டிக்குள் ஒரு சிம் கார்டும் உண்டு. அந்த எண்ணுக்கு அழைத்தால் பெட்டியின் சிவப்பு விளக்கு மினுக்கும். இரண்டாவது மணியில் பெட்டியே அழைப்பை வெட்டிவிட்டு, அன்றைய வெப்பத்தையெல்லாம் சுருக்கிக் குறுஞ்செய்தியாக அனுப்பும். மிஸ்டு கால் கொடுத்துக் கிணற்று மோட்டாரைப் போடுகிற ஊர் எங்களுடையது. அதனால் இதை நான் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எல்லாம் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதியது.

பண்ணையின் சொந்தக்காரர் ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அக்கா. கணவர் போன பிறகு மூன்று ஷெட்டுகளையும் தனியாக நடத்துகிறார். பாராட்டு, திட்டு இரண்டையும் ஒரே குரலில் சொல்லக்கூடியவர். எது வந்தது என்று தெரிந்துகொள்ள முகத்தைப் பார்க்க வேண்டும். அவருக்கு அடுத்தபடி பண்ணையைப் பார்த்துக்கொள்வது சூப்பர்வைசர் அண்ணன். பதினோரு வருடமாக அங்கே இருக்கிறார். கோழி கழுத்தைத் திருப்பும் விதத்தைப் பார்த்தே தண்ணீர்க் குழாய் எங்கே அடைத்திருக்கிறது என்று சொல்வார். முதல் வருடம் என் பெட்டியை அவர் ஒரு விருந்தாளியைப் போலத்தான் நடத்தினார். இரண்டாம் வருடம் வீட்டு ஆளாக ஏற்றுக்கொண்டார்.

இரண்டு வருடமும் பெட்டியில் ஒரு குறை இல்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கரண்ட் போனால் பெட்டி அணையும். வந்தால் தானாக எழுந்து வேலையைத் தொடங்கும். எங்கள் பக்கம் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறையாவது கரண்ட் போகும். இதைப் பார்த்துச் சகிக்காமல் அக்காவே போன தை மாதம் பெட்டிக்கென்று தனியாக ஒரு யூபிஎஸ் வாங்கி வைத்தார். நம்ம பிள்ளை செய்த சாமான், கரண்ட் போகிறதென்று அது ஏன் அணைந்து எரிய வேண்டும் என்று சொன்னாராம். அதைச் சூப்பர்வைசர் அண்ணன் சொல்லக் கேட்டபோது எனக்கு உச்சி குளிர்ந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் ஸ்கூட்டரில் பாட்டுப் பாடிக்கொண்டு போனது நினைவிருக்கிறது.

மாசி கடைசியில் ஒருநாள் மதியம், வெயில் வழக்கத்தை விட முன்னதாகவே சுட்டெரித்த நாள், ஃபாகர் ஓடவில்லை. சூப்பர்வைசர் அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். அவர் திரும்பி வந்தபோது ஷெட்டில் கோழிகள் இறக்கையை விரித்து, வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. மேல்வரிசைக் கூண்டுகளில் முப்பத்தெட்டுக் கோழிகள் செத்துக் கிடந்தன. அவர் கட்டுப்பாட்டு அறைக்கு ஓடி, பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகியிருக்கிறார். பெட்டி எழுந்து, ஃபாகரைப் போட்டது.

அக்கா என்னை அழைத்தார். நான் போய் லேப்டாப்பை இணைத்துப் பெட்டியின் பதிவேட்டைப் பார்த்தேன். ஒன்று பத்து வரை ஒழுங்காக எழுதியிருந்தது. பிறகு ஒரு வரிகூட இல்லை. ஒன்று ஐம்பதுக்குப் புதிதாக எழுந்திருக்கிறது. நடுவில் நாற்பது நிமிடம் வெறும் வெளி. என் மண்டையில் ஒரே ஒரு விளக்கம்தான் தோன்றியது: யாரோ கைப்பேசியைச் சார்ஜ் போடுவதற்காக ஒன்று பத்துக்குப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கோழி சாவதைப் பார்த்ததும் திரும்பச் சொருகியிருக்கிறார்கள். அந்த அறையின் சாவி வைத்திருந்தது ஓர் ஆள்தான்.

சூப்பர்வைசர் அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "நான் வாரப்பவே லைட்டு அணைஞ்சுதானுங்க கெடந்துது. அதுக்கப்பறந்தான் புடுங்கிச் சொருவுனேன்."

நான் அவரைப் பொய்யர் என்று சொல்லவில்லை. அதைவிட மோசமாக, லேப்டாப்பை அக்கா பக்கம் திருப்பி, இந்த இடைவெளியைப் பாருங்கள், நிரல் இரண்டு வருடமாக ஒருநாள்கூட நின்றதில்லை, இது மின்சாரம் துண்டிக்கப்பட்ட இடைவெளி என்று வகுப்பெடுத்தேன். அக்கா திரையைப் பார்த்தார், பிறகு அண்ணனைப் பார்த்தார். கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். பதினோரு வருடத்தில் அவரிடமிருந்து எதையும் திருப்பி வாங்கியதில்லை என்று பிறகு தெரிந்தது. அண்ணன் செத்த கோழிகளைக் கோணிப்பையில் அள்ளிக்கொண்டு குழிப்பக்கம் போனார். எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். என் பெட்டி தப்பித்துவிட்டதே என்ற நிம்மதி.

அதிலிருந்து ஒன்பதாம் நாள் காலை அக்காவிடமிருந்து மறுபடி அழைப்பு. பெட்டியின் விளக்கு அணைந்துகிடக்கிறது, வா என்றார். இந்த முறை கோழி எதுவும் சாகவில்லை. காலை நேரம், அதோடு சூப்பர்வைசர் அண்ணன் ஜன்னல் வழியாகப் பார்த்து, ஷெட்டுத் தூணில் இருக்கும் கைச்சுவிட்சைப் போட்டு ஃபாகரை ஓட்டிக்கொண்டிருந்தார். நான் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அறையை நோக்கி நடக்கும்போதே, யார் உள்ளே போனார்கள் என்று கேட்டேன். வாய் பழகிவிட்டது.

அக்கா இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினார். "சாவி எங்கிட்டதான் இருக்குது கண்ணு. பூட்டுன ரூமுக்குள்ள யாரு போய்ப் புடுங்குனது?"

அவர் பூட்டைத் திறந்தார். பிளக் சொருகியபடி இருந்தது. யூபிஎஸ் பச்சை விளக்கோடு நலமாக இருந்தது. என் பெட்டி மட்டும் செத்துக் கிடந்தது. பதிவேட்டில் அதே மாதிரி இடைவெளி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்த அவள் நான்தான் என்று எனக்கு அங்கேயே விளங்கியது. கத்திரி வெயில் பிறப்பதற்குள் இது சரியாக வேண்டும், இல்லையென்றால் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விடு, பழையபடி ஆள் வைத்துச் சுவிட்சுப் போட்டுக்கொள்கிறேன் என்றார் அக்கா. அவர் சொன்னது பெட்டியைப் பற்றி. ஆனால் தூண் பக்கத்தில் சுவிட்சில் கை வைத்தபடி நின்றுகொண்டிருந்தவரைப் பார்த்தபோது, கழன்றுபோகப் போவது பெட்டி மட்டும் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. காரணம் கண்டுபிடிக்காமல் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால், அந்த முப்பத்தெட்டுக் கோழிகள் அவர் கணக்கிலேயே நின்றுவிடும்.

பெட்டியைத் தட்டி எழுப்பிப் பார்த்ததில் ஒரு தடயம் கிடைத்தது. நிற்பதற்கு முன்னால் நினைவகம் முழுக்க நிறைந்திருக்கிறது. இடம் இல்லாமல் திணறித் திணறி, பதிவேட்டில் ஒரு வரி எழுதக்கூட வழியில்லாமல் உறைந்திருக்கிறது. பிளக்கைப் பிடுங்கினாலும் இடைவெளிதான்; மூச்சு முட்டினாலும் இடைவெளிதான். இரண்டும் பதிவேட்டில் ஒன்றுபோல இருக்கும் என்பது எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

நினைவகம் நிறைவது என்றால் என்ன என்று அக்காவுக்கு ஒருநாள் விளக்கினேன். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். சில மொழிகளில் நிரல் எழுதுகிறவர் தனக்கு வேண்டிய இடத்தைத் தானே கேட்டு வாங்கி, வேலை முடிந்ததும் தானே திருப்பித் தர வேண்டும். பைத்தான் போன்ற மொழிகளில் அந்தத் தொல்லை இல்லை. நாம் பாட்டுக்குப் பொருள்களை உண்டாக்கிக்கொண்டே போகலாம். வேண்டாததைப் பொறுக்கி எடுத்து இடத்தைக் காலி செய்ய மொழிக்குள்ளேயே ஒரு துப்புரவு ஏற்பாடு உண்டு. குப்பை சேகரிப்பு என்று அதற்குப் பெயர்.

பரமத்தி வேலூரிலிருந்து நாமக்கல் வருகிற பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்போம் அல்லவா. துண்டு கிடக்கிற சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள். துண்டை எடுத்துக்கொண்டு இறங்கினால், அந்த நொடியே சீட்டு காலி. பைத்தான் ஒவ்வொரு பொருளின் மேலும் எத்தனை துண்டு கிடக்கிறது என்று எண்ணிக்கொண்டே இருக்கும். பூஜ்யமானதும் இடத்தைப் பறித்துக்கொள்ளும். இதில் ஒரு சிக்கல் உண்டு. இந்தச் சீட்டில் இருக்கும் பை பக்கத்துச் சீட்டுக்காரருடையது என்றும், பக்கத்துச் சீட்டுப் பை இந்தச் சீட்டுக்காரருடையது என்றும் எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். இரண்டுக்குமே ஆள் இருக்காது. ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் அந்த மாதிரிப் பொருள்களின் எண்ணிக்கை பூஜ்யமாகவே ஆகாது. அதற்காக அவ்வப்போது கண்டக்டர் எழுந்து, நிஜமான பயணிகளிடமிருந்து தொடங்கி, இது யாருடையது, அது யாருடையது என்று கேட்டுக்கொண்டே வருவார். யாரையும் சேராத பைகளைத் தூக்கிப் போட்டுவிடுவார். இவ்வளவு நல்ல ஏற்பாடு.

ஆனால் கண்டக்டருக்கும் கை கட்டுப்பட்ட இடம் ஒன்று உண்டு. பஸ்ஸில் உயிரோடு உட்கார்ந்திருக்கும் ஒருவர், பத்துச் சீட்டில் துண்டைப் போட்டுவிட்டு, எல்லாம் எனக்கு வேண்டியவர்களுக்கு, வருவார்கள் என்று சொன்னால் அவர் தொட மாட்டார். அவர்கள் வரவே போவதில்லை என்பது கண்டக்டருக்குத் தெரியாது. குப்பை என்றால் உதவாத பொருள் என்று நாம் நினைக்கிறோம். நிரலுக்குள் அப்படி இல்லை. யாரும் பிடித்துக்கொண்டிராததுதான் குப்பை. நான் ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டே இருந்தால், அது எவ்வளவு உதவாததாக இருந்தாலும், மொழி எனக்கு மரியாதை கொடுத்து அதை விட்டுவைக்கும். ஆக, என் நிரலுக்குள் எங்கேயோ நான் துண்டு போட்டுவிட்டு மறந்திருக்கிறேன்.

பெங்களூரில் என்னோடு வேலை பார்த்த தோழியிடம் சொன்னபோது, இதற்கா இவ்வளவு கவலை, தினமும் விடியற்காலை பெட்டி தானாக ஒருமுறை அணைந்து எழும்படி ஒரு வரி எழுதிவிடு என்றாள். பெரிய பெரிய இடங்களிலேயே அப்படித்தான் ஓட்டுகிறார்கள் என்றும் சொன்னாள். அது வேலை செய்யும் என்று எனக்கும் தெரியும். இரண்டு வருடமாக ஒரு காசு வாங்காமல் கரண்ட் கட் எனக்குச் செய்துகொடுத்த வேலை அதுதானே. வாரம் இரண்டு முறை பஸ்ஸை மொத்தமாகக் காலி செய்துவிட்டு, என் துண்டுகளையெல்லாம் வெளியே எறிந்துகொண்டிருந்தது. அக்கா ஆசையாக யூபிஎஸ் வாங்கி வைத்த நாளிலிருந்துதான் என் தப்பு வளரத் தொடங்கியிருக்கிறது. மாட்டேன் என்று தோழியிடம் சொல்லிவிட்டேன். திமிர் என்றாள். திமிர்தான். ஆனால் அதோடு இன்னொன்றும் இருந்தது. தினமும் அணைத்து எழுப்பினால் பெட்டி நிற்காது. அது ஏன் நின்றது என்பதும் கடைசி வரை தெரியாது. எனக்குக் காரணம் வேண்டும். அக்காவிடம் நேராகச் சொல்ல ஒரு காரணம்.

கோழிகளின் உயிரோடு விளையாட முடியாது என்பதால், அந்த நாட்களில் ஃபாகரைக் கைச்சுவிட்சுக்கு மாற்றிவிட்டோம். சுவிட்சைப் பார்த்துக்கொண்டவர் சூப்பர்வைசர் அண்ணன். பெட்டி வெறுமனே வெப்பத்தை அளந்துகொண்டு ஓட, அது எப்படி வீங்குகிறது என்று பார்க்க நான் கட்டுப்பாட்டு அறையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். கோழி எச்சத்தின் நெடி, விசிறிகளின் இரைச்சல், சட்டைக்குள் வழியும் வேர்வை. நிரலுக்குள் எந்த வகைப் பொருள் எத்தனை உயிரோடு இருக்கிறது என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணிச் சொல்ல ஒரு சின்ன நிரல் எழுதி ஓடவிட்டேன்.

முதல் நாள் நான் சந்தேகப்பட்டவர்கள் எல்லாம் யோக்கியர்கள் என்று தெரிந்தது. வெப்ப அளவுகளை வைத்திருக்கும் பட்டியல் ஒவ்வொரு நள்ளிரவிலும் ஒழுங்காகக் காலியாகியிருந்தது. நிரலுக்குள் விசிறி, ஷெட்டு என்று நான் பெயர் வைத்திருந்த பொருள்கள் ஒன்றையொன்று பிடித்திருந்தன. அதைத் துப்புரவுக்காரர் பார்த்துக்கொண்டார். இரண்டாம் நாள் காலை, பட்டியலில் நான் கண்டுகொள்ளாமல் விட்டிருந்த ஒரு வரியைப் பார்த்தேன். அழைப்பு என்று நான் பெயர் வைத்திருந்த பொருள். பெட்டிக்கு யாராவது போன் செய்யும்போது உண்டாகி, குறுஞ்செய்தி போனதும் மறைய வேண்டியது. எந்த நேரமும் ஒன்றோ பூஜ்யமோதான் இருக்க வேண்டும். நாற்பத்தேழு இருந்தது.

ஒவ்வோர் அழைப்பும் செய்தியில் சொல்வதற்காக அன்றைய அளவுகள் அத்தனைக்கும் ஒரு நகலைக் கையில் வைத்திருக்கும். நாற்பத்தேழு நகல்கள். எண்ணும் நேரத்தைப் பத்து நிமிடத்திலிருந்து ஐந்து நொடிக்குக் குறைத்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தேழு, நாற்பத்தேழு, நாற்பத்தேழு. திடீரென்று பெட்டியின் விளக்கு ஒருமுறை மினுக்கியது. நாற்பத்தெட்டு. தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தேன். வெளியே சூப்பர்வைசர் அண்ணன் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த ஷெட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்.

ஓடிப்போய் அவரை நிறுத்தினேன். என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. மறுபடியும் ஒரு பழி வருகிறது என்று நினைத்திருக்க வேண்டும். பெட்டி உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஒரு ரிங் விட்டு, ஜன்னல் வழியாக விளக்கு மினுக்குகிறதா என்று பார்த்து வெட்டினேன், அவ்வளவுதான் என்றார். முன்பெல்லாம் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை பார்ப்பாராம். கோழி செத்த நாளிலிருந்து, சாப்பிட உட்காரும் முன்னால், எழுந்த பின்னால், ஒவ்வொரு சுற்றுக்கும், படுக்கும் முன்னால் என்று முப்பது நாற்பது தடவை. அணைந்தே கிடந்தால் ஒரு ரிங்கில் தெரிந்துவிடும், இன்னொரு முறை தன்னால் ஒரு கோழி சாகக் கூடாது என்றார். தன்னால் என்றுதான் சொன்னார்.

ஒரு ரிங். மிஸ்டு கால் என்றால் எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் முதல் மணியிலேயே வெட்டுவோம். எதிராளி எடுத்துவிடப் போகிறாரே என்ற பதற்றம் கட்டைவிரலிலேயே ஊறிப்போயிருக்கிறது. நானும் அப்படித்தான், பெட்டியைச் சோதிக்கும்போது தவிர. அப்போது மட்டும் நல்ல பிள்ளையாகக் காத்திருந்து, இரண்டாவது மணியில் பெட்டியே வெட்டட்டும் என்று விட்டிருக்கிறேன். என் நிரல் அழைப்பைக் கையிலிருந்து விடுவது அந்த இரண்டாவது மணியில்தான். முதல் மணியிலேயே வெட்டப்பட்ட அழைப்பு, வராத இரண்டாவது மணிக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். பெட்டி அதை நடந்துகொண்டிருக்கும் அழைப்பு என்று மதித்து, அதன் நகலோடு பத்திரமாக வைத்திருக்கும். அவருக்கு விளக்கு மினுக்கினால் போதும். குறுஞ்செய்தி வராததை அவர் பொருட்படுத்தவே இல்லை. கவலை கூடக் கூட அதிகமாக அழைத்திருக்கிறார். அழைக்க அழைக்கப் பெட்டி சீக்கிரமாகச் செத்திருக்கிறது. மாதக்கணக்கில் ஓடியது ஒன்பதே நாளில் நின்றதற்குக் காரணம் அதுதான்.

சரி செய்ய நாலே வரிதான் தேவைப்பட்டது. மணி அடித்துச் சில நொடிக்குள் அடுத்த மணி வரவில்லை என்றால், அழைத்தவர் வெட்டிவிட்டார் என்று கொண்டு குறுஞ்செய்தியை அனுப்பிவிட்டு அழைப்பை விட்டுவிட வேண்டும். அரை மணி நேரத்தில் எழுதி, பெட்டியில் ஏற்றிவிட்டேன். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு ஒரு கெட்ட காரியத்தைப் பற்றி யோசித்தேன். புதுப் பதிப்பு ஏற்றிவிட்டேன், இனி பிரச்சினை வராது என்று அக்காவிடம் சொன்னால் போதும். பொய் இல்லை. யாரும் மேற்கொண்டு கேட்கவும் மாட்டார்கள். இன்னும் கொஞ்சம் துணிந்தால், சூப்பர்வைசர் அண்ணன் ஓயாமல் போன் போட்டதால்தான் நின்றது என்றுகூடச் சொல்லலாம். அதுவும் பொய் இல்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இவ்வளவு சுலபமாக நடக்கும் காரியம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா முட்டை அறையில் இருந்தார். சூப்பர்வைசர் அண்ணனும் அங்கே வரட்டும் என்று காத்திருந்தேன். அவர் வந்ததும் சொன்னேன். குரலைத் தாழ்த்தவில்லை.

"தப்பு எம்பட நிரல்லதானுங்க்கா. மாசியில செத்த கோழிக்கும் அதுதான் காரணம். அண்ணன் பிளக்கைப் புடுங்குல. நான்தான் பார்க்காம அவர் மேல போட்டுட்டேன்."

அக்கா கையிலிருந்த முட்டை அட்டையைக் கீழே வைத்தார். எப்படி என்று கேட்டார். ஒரு ரிங் கதையை முழுதாகச் சொன்னேன். அப்படியென்றால் இவன் போன் போட்டதால்தானே என்று அவர் சட்டென்று கேட்டார். கேட்பார் என்று எனக்குத் தெரியும். இல்லை, மிஸ்டு கால் கொடுக்கிற ஊரில் மிஸ்டு காலைத் தாங்காத பெட்டியைச் செய்து கொடுத்தவள் நான் என்றேன். அக்கா இடுப்பிலிருந்து அந்த அறைச் சாவியை எடுத்து, சூப்பர்வைசர் அண்ணன் பக்கமாக அட்டையின் மேல் வைத்தார். மன்னிப்பெல்லாம் அக்காவின் வாயில் வராது. அண்ணன் சாவியை எடுக்காமல் நின்றார். துண்டால் முகத்தைத் துடைத்தார். வேர்வையைத்தான் துடைக்கிறார் என்று நாங்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டோம். அப்புறம் எடுத்துக்கொண்டார்.

இனி போன் போடுவதை விட்டுவிட வேண்டுமா என்று என்னிடம் கேட்டார். எத்தனை தடவை வேண்டுமானாலும் போடுங்கள், உங்களால் அதைக் கெடுக்க முடிகிறதா பார்ப்போம் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே கைப்பேசியை எடுத்தார். அன்று சாயங்காலம் வரை ஒரு ரிங், அரை ரிங், விட்டு விட்டு, தொடர்ந்து என்று விதவிதமாக அடித்துத் தள்ளினார். நான் உள்ளே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று, பூஜ்யம். ஒன்று, பூஜ்யம். எனக்குக் கிடைத்த எந்தச் சான்றிதழும் அந்தப் பூஜ்யத்துக்குக் கிட்ட வராது.

கத்திரி பிறந்தது. அந்த வருடக் கத்திரி வாயால் சொல்ல முடியாத கத்திரி. கொல்லிமலை தூரத்தில் வெளுத்துக் கலங்கித் தெரிந்தது; தார்ச்சாலை செருப்பில் ஒட்டியது. பெட்டி காலை பத்துக்கே ஃபாகரைத் தொடங்கி, பொழுது சாயும் வரை போட்டும் நிறுத்தியும் கோழிகளைக் காத்தது. அந்த இருபத்தைந்து நாளில் ஷெட்டில் ஒரு கோழிகூட வெயிலில் சாகவில்லை. பெட்டி ஒரு தடவைகூட அணைந்து எழவும் இல்லை. மற்ற இரண்டு ஷெட்டுக்கும் பெட்டி மாட்டச் சொன்னார் அக்கா. இப்போதெல்லாம் நான் எழுதும் எந்தப் புதுப் பதிப்பும் முதலில் சூப்பர்வைசர் அண்ணனிடம்தான் போகிறது. அவரால் கெடுக்க முடியாததைத்தான் மற்றவர்களுக்குக் கொடுக்கிறேன். பெங்களூரில் இந்த வேலைக்கென்று ஒரு குழுவே இருந்தது. அவர்களில் ஒருவருக்கும் இவருடைய கை இல்லை.

போன மாதம் ராசிபுரம் பக்கத்திலிருந்து ஒரு பண்ணைக்காரர் பெட்டியைப் பார்க்க வந்திருந்தார். எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, இது எப்போதாவது கெடுமா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சூப்பர்வைசர் அண்ணன் பதில் சொன்னார்.

"கெடுமுங்க. மெசினுதானுங்களே. ஆனா கெட்டா இந்த அம்மிணி நம்ம மேல பழி போடாதுங்க."

வந்தவர் திருப்தியாகத் தலையாட்டினார். சூப்பர்வைசர் அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை. கூண்டு வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்படியே விட்டிருக்கலாம். விட முடியவில்லை.

"ஒருக்காப் போட்டேனுங்க" என்று வந்தவரிடம் சொன்னேன். "இவர் மேலதான்."